கண் முந்துகிறது, கை பின்னால் வருகிறது: ஐம்பதுக்கு மேல் செராமிக் படித்த அனுபவம்

ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு செராமிக் கலை படிக்கச் சேர்ந்தேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் கையைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். மணிக்கட்டு தாங்குகிறதா, முதுகு வலிக்கவில்லையா, விரல் மடங்குகிறதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விகள். அவற்றுக்குக் கீழே பதில் சொல்கிறேன். ஆனால் எனக்கு அதிகத் தொல்லை கொடுத்தது கண். ஐம்பது வருடம் பொருள்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒரு கிண்ணத்தின் விளிம்பு தடித்திருந்தால் உடனே தெரிந்துவிடும். அந்தத் தடிப்பை மெலிதாக்கக் கைக்கு அப்போது தெரியாது. கூடப் படித்த இருபது வயதுப் பிள்ளைகளுக்குக் கண்ணும் கையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்ந்தன. முதல் மாதம் வனைந்த கோப்பையை அவர்கள் ஆசையாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். வயது கூடி வந்தவருக்கு அந்தச் சலுகை கிடையாது. செய்த ஒவ்வொன்றிலும் குறை முதலில் தெரியும். நல்ல ரசனை உள்ளவர்கள்தான் இந்த இடத்தில் அதிகமாக நின்றுபோகிறார்கள். அது எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அந்த ரசனைதான் பின்னால் பெரிய சொத்தாகப் போகிறது. கை வந்து சேரும்வரை தாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

எப்படித் தாங்கினேன், எவை உதவின என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மண்ணுக்கு வருவதற்கு முன் என் தொழில் தையல். தைப்பதைவிட வெட்டுவதில்தான் எனக்குப் பேர். காகிதத்தில் பேட்டர்ன் போட்டு, துணியின் போக்குப் பார்த்து, எவ்வளவு சுருங்கும் என்று கணக்குப் பண்ணி வெட்டுவேன். பிள்ளைகள் தலையெடுத்த பிறகு ஒரு மாலை நேர வகுப்பில் மண்ணைத் தொட்டுப் பார்த்தேன். அங்கிருந்து பகுதி நேரப் படிப்பு, அப்புறம் முழுப் படிப்பு. படிப்படியாகப் போனது நல்லதாகப் போயிற்று. வேலையை ஒரேயடியாக விட்டுவிட்டுப் பெரிய படிப்பில் குதிக்க நினைப்பவர்களிடம், முதலில் ஒரு பருவமாவது மாலை வகுப்புக்குப் போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். மண்ணைப் பிடிக்கிறதா என்பது அங்கேயே தெரியும். ஈரம், தூசி, காத்திருப்பு, சூளையில் உடைந்து வருவது எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

தாமதமாக வந்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் பீட்ரிஸ் வுட். 1893-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்தவர். நாடகம், ஓவியம் என்று பல இடங்களில் அலைந்தவர். ஹாலந்தில் உலோகப் பளபளப்புக் கொண்ட பழைய தட்டுகளை வாங்கினார். அவற்றுக்குப் பொருத்தமான ஒரு டீப்பாட் எங்கும் கிடைக்கவில்லை. தானே செய்துகொள்ளலாம் என்று 1933-இல் ஒரு பள்ளியில் நடந்த பெரியவர்களுக்கான வகுப்பில் சேர்ந்தார். அப்போது அவருக்கு நாற்பது வயது. பிறகு செராமிக் கலைஞர்களான கெர்ட்ரூட், ஓட்டோ நாட்ஸ்லர் தம்பதியிடம் கற்றார். மண்ணின் மேல் பூசிச் சுடும் பூச்சுக்குக் கிளேஸ் என்று பெயர்; அந்தப் பளபளப்பு கிளேஸிலேயே பெரும் பெயர் வாங்கி, 1998-இல் 105 வயதில் இறந்தார். நூறை நெருங்கிய வயதிலும் சக்கரத்தில் உட்கார்ந்தவர் அவர். எனக்கு இதில் பிடித்தது வயதைவிட அந்தத் தொடக்கம்தான். கலைஞராக வேண்டும் என்று அவர் போகவில்லை, ஒரு டீப்பாட் வேண்டும் என்று போனார். அந்த டீப்பாட் எப்படி இருக்க வேண்டும் என்று கண்ணுக்குத் தெரிந்திருந்தது.

சக்கரத்தைப் பற்றிச் சொல்கிறேன். எல்லோரும் அதற்காகத்தான் வருகிறார்கள். சுழலும் மண்ணை மையத்துக்குக் கொண்டுவருவதே பல வாரம் எடுக்கும். இது பலத்தால் ஆகிற காரியம் இல்லை. முழங்கையைத் தொடையிலோ இடுப்பிலோ அண்டக் கொடுத்து, கையை அசையாமல் வைத்திருந்தால் மண் தானே கைக்குள் வந்து அடங்கும். தோளால் தள்ளுகிறவர்கள் சீக்கிரம் களைத்துவிடுவார்கள். நடுவில் குழித்த பிறகு அடிப்பகுதியை உள்ளேயிருந்து நன்றாக அழுத்தி விட வேண்டும். இதை விட்டால் காயும்போது அடியில் பாம்பு நெளிந்தது போல ஒரு விரிசல் விழும். அதற்குப் பிறகுதான் சுவரை மேலே இழுப்பது.

எங்கள் ஆசிரியை என்னைவிட இருபது வயது இளையவர். நான் உருளை வடிவத்தில் ஒன்றை இழுத்து முடித்து, பரவாயில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு கம்பியை நீட்டினார். "நடுவுல வெட்டுங்க மேடம். வெளியில பாத்தா உங்க கண்ணுக்குப் பதில் கிடைக்கும். உள்ள பாத்தாதான் கை என்ன பண்ணிச்சுன்னு தெரியும்" என்றார். மேலிருந்து கீழ்வரை வெட்டினேன். இரண்டு பாதியாகப் பிரிந்தது. வெட்டுமுகத்தில் எல்லாம் எழுதியிருந்தது. அடியில் ஒரு விரல் தடிமன். அதற்கு மேல் சுவர் திடீரென்று ஒட்டிப்போய், விளிம்புக்குக் கீழே காகிதம் மாதிரி. அதாவது அடியில் கை விரைவாக மேலே ஏறிவிட்டது, நடுவில் நின்று அழுத்திவிட்டது. வெளியே நேராகத் தெரிந்த ஒரு உருளைக்குள் இத்தனை ஏற்ற இறக்கம் இருந்தது.

அன்று முதல் சக்கரத்தில் வனைந்த எதையும் எடுத்து வைத்துக்கொள்வதில்லை என்று முடிவெடுத்தேன். ஒரு பருவம் முழுக்க உருளைகளை மட்டும் இழுத்து, வெட்டி, வெட்டுமுகத்தைப் பார்த்து, மண்ணைத் திரும்பப் பிசைந்தேன். கண்ணுக்கு ஒரு வேலை கொடுத்தது இதுதான். அழகாக இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்வதை விட்டுவிட்டு, எங்கே தடிமன், எங்கே மெலிவு என்று அளக்கத் தொடங்கியது. குறை கண்டுபிடிப்பதில் தேர்ந்த கண்ணுக்குக் குறையைப் படிக்கிற வேலையைக் கொடுத்துவிட வேண்டும். மனம் நோகாது, கையும் வேகமாகத் தேறும். சுடாத மண்ணை எத்தனை தடவை வேண்டுமானாலும் கரைத்துத் திரும்பப் பிசையலாம் என்பதால் நஷ்டமும் இல்லை.

சரி, உடம்பு. சக்கரத்தின் தட்டும் உட்காரும் இருக்கையும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருந்தால் முதுகு குறைவாக வளையும். முன்னால் ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்தால் பானையின் பக்கவாட்டு உருவம் அதில் தெரியும், குனிந்து கழுத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டியதில்லை. இது இளையவர்களும் செய்ய வேண்டியது. சக்கரத்தைச் செங்கல் வைத்து உயர்த்தி நின்றுகொண்டே வனைகிறவர்களும் உண்டு. கட்டைவிரல் மூட்டில் வலி உள்ளவர்கள் மண்ணைக் கொஞ்சம் இளக்கமாக வைத்துக்கொள்ளலாம். பிசையும்போது சிறு உருண்டைகளாகப் பிரித்துக்கொள்ளலாம். பெரிய மண் பையைத் தூக்காமல், பைக்குள்ளேயே கம்பியால் துண்டு போட்டு எடுக்கலாம். படிக்கும் கண்ணாடிக்கு ஒரு கயிறு கட்டிக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். மண் கையோடு கண்ணாடியைத் தேடுவது போல எரிச்சல் வேறு இல்லை.

உடம்பு ஒத்துழைக்காவிட்டால் சக்கரத்தை விட்டுவிடுவதும் தோல்வி ஆகாது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற செராமிக் தயாரிப்பாளர் ஜோசையா வெட்ஜ்வுட் சிறுவயதில் அம்மை கண்டு வலது முழங்கால் பழுதானவர். காலால் உதைத்துச் சுழற்றும் சக்கரத்தில் அவரால் தொடர்ந்து வேலை செய்ய முடியவில்லை. 1768-இல் அந்தக் காலையே எடுக்க வேண்டி வந்தது. அவர் தன் கவனத்தை வடிவமைப்பிலும் மண், கிளேஸ் சோதனைகளிலும் திருப்பினார். ஜாஸ்பர் என்ற அவருடைய புகழ்பெற்ற மண் கலவை ஆயிரக்கணக்கான சோதனைத் துண்டுகளுக்குப் பிறகு வந்தது. சூளையின் உச்ச வெப்பத்தை அளக்க அவர் உருவாக்கிய கருவிக்காகவே 1783-இல் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது.

என் வழி பலகை மண்ணில் திறந்தது. மண்ணை உருட்டுக்கட்டையால் 6 முதல் 8 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து, கொஞ்சம் விறைக்க விட்டு, வெட்டி ஒட்டுவது. முதல் நாள் அந்தப் பலகையின் மேல் காகிதத்தை வைத்து வெட்டியபோது, இத்தனை நாள் காணாமல் போயிருந்த என் கை திரும்பி வந்தது. தட்டையான துணியில் உடம்பின் வளைவைக் கொண்டுவர முக்கோணமாக மடித்துத் தைத்து டார்ட் பிடிப்போம் இல்லையா? மண்ணிலும் அதுவே. பலகையின் விளிம்பிலிருந்து ஒரு கூரிய முக்கோணத்தை வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு ஓரங்களையும் சேர்த்தால் தட்டை மண் வயிறு தள்ளி நிற்கும். முக்கோணம் அகலமாக இருந்தால் வளைவு அதிகம். இரண்டு டார்ட் எதிரெதிரே போட்டால் ஒரு தோள் வரும். சட்டைக்கைக்கு வரையும் அந்த மணி வடிவ வெட்டை அப்படியே மண்ணில் வெட்டி மடித்தால், எந்தச் சக்கரமும் தராத, கொஞ்சம் சாய்ந்த ஒரு உருவம் எழும்பும்.

துணியில் இல்லாத சில சட்டங்கள் மண்ணில் உண்டு. மண்ணுக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரு பலகையைத் தூக்கும்போது வளைந்து, பிறகு அதைத் தட்டையாக்கி வைத்தாலும், சூளையில் அது பழைய வளைவுக்கே திரும்பப் பார்க்கும். அதனால் பலகையைக் கையால் தூக்காமல், இரண்டு மரப்பலகைகளுக்கு நடுவில் வைத்து மொத்தமாகப் புரட்ட வேண்டும். தேய்க்கும்போதும் ஒரே திசையில் தேய்க்காமல் நாலு பக்கமும் திருப்பித் தேய்க்க வேண்டும். ஒட்டும் ஓரங்களைச் சாய்வாக வெட்டி, இரண்டு பக்கமும் கீறி, குழைமண் தடவி, அழுத்திச் சேர்த்து, உட்பக்கம் மெல்லிய மண் திரி ஒன்றை வைத்துத் தேய்த்து விட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒட்டப்படும் இரண்டு துண்டுகளும் ஒரே பதத்தில் இருக்க வேண்டும். ஒன்று ஈரம், ஒன்று காய்ந்தது என்றால் எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் காயும்போது வெவ்வேறு அளவில் சுருங்கி, தையல் பிரிந்துவிடும்.

முன்னால் செய்த தொழில் எதுவாக இருந்தாலும் அது மண்ணுக்குள் வரும். தச்சு வேலை செய்தவர் இணைப்புகளைப் புரிந்துகொள்வார். மருந்தகத்தில் எடை போட்டவருக்கு கிளேஸ் கலப்பது கைவந்ததாக இருக்கும். தோட்டக்காரருக்கு மண்ணின் ஈரம் தெரியும். பழையதைக் கழற்றி வைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். லூசி ரீ என்ற பெரிய கலைஞரே வியன்னாவை விட்டு 1938-இல் லண்டனுக்கு வந்தபின், போர்க்காலத்தில் ஆடை நிறுவனங்களுக்காகச் செராமிக் பொத்தான்கள் செய்தார். 1946-இல் பானைத் தொழிலே தெரியாத ஹான்ஸ் கோப்பர் என்ற இளைஞர் அந்தப் பட்டறைக்குத்தான் உதவியாளாக வந்து சேர்ந்தார். இருவரும் 20-ஆம் நூற்றாண்டின் மிக முக்கியமான செராமிக் கலைஞர்களாக ஆனார்கள். பொத்தானும் கிண்ணமும் ஒரே மேசையில் இருந்த அந்தப் பட்டறையை நினைத்தால் தையல்காரியான எனக்கு நெஞ்சு நிறைகிறது.

வீடு, வேலை, பெரியவர்களைக் கவனிப்பது என்று பல பொறுப்புகளோடு வருகிறவருக்கு மண் கொடுக்கும் பெரிய சோதனை நேரம்தான். மொத்தம் எத்தனை மணி நேரம் என்பதில் சிக்கல் இல்லை, எந்த நேரம் என்பதில்தான் சிக்கல். திங்கட்கிழமை வனைந்த கோப்பைக்குச் செவ்வாயன்று காது வைக்க வேண்டும். புதன்கிழமை வந்தால் காய்ந்திருக்கும். நமக்கு வியாழக்கிழமைதான் வகுப்பு. இதற்கு ஒரு எளிய ஏற்பாடு உண்டு, இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் என் படிப்பு ஒரு நிலைக்கு வந்தது. காற்றுப் புகாத மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை எடுங்கள். அதன் அடியில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கரைத்து 2 அல்லது 3 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றி இறுக விடுங்கள். இறுகிய பிளாஸ்டரின் மேல் அவ்வப்போது தண்ணீர் ஊற்றினால் அது உறிஞ்சி வைத்துக்கொண்டு, பெட்டிக்குள் ஈரக்காற்றைக் காக்கும். பாதி விறைத்த பாத்திரத்தை உள்ளே வைத்து மூடினால் வாரக்கணக்கில் அதே பதத்தில் இருக்கும். காது, மூக்கு, மூடி எதையும் அடுத்த வாரம் வந்து நிதானமாக வைக்கலாம். பிளாஸ்டர் துணுக்கு ஒன்றுகூடக் களிமண்ணில் கலக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அது ஒன்றுதான் எச்சரிக்கை. சுட்ட பிறகும் அந்தத் துணுக்கு ஈரத்தை இழுத்துப் பருத்து, மேற்பரப்பைத் தெறித்து விழச் செய்யும்.

அடுத்தது அளவு. ஈரத்திலிருந்து சுட்டு முடியும்வரை, அதிக வெப்பத்தில் கெட்டியாகச் சுடும் ஸ்டோன்வேர் மண் சாதாரணமாக 10 முதல் 13 சதவீதம் சுருங்கும். பை மேல் எழுதியிருப்பதை நம்பாமல் நீங்களே அளந்துகொள்ளுங்கள். ஈர மண்ணில் ஒரு பட்டை செய்து, அதில் சரியாக 10 சென்டிமீட்டர் கோடு கீறி, நீங்கள் சுடும் அதே சூட்டில் சுட்டுத் திரும்ப அளந்து பாருங்கள். 8.8 சென்டிமீட்டர் இருந்தால் சுருக்கம் 12 சதவீதம். சுட்ட பிறகு 10 சென்டிமீட்டர் வேண்டுமென்றால் 12 சதவீதத்தைக் கூட்டி 11.2 என்று வைத்தால் குறைந்துவிடும், 10-ஐ 0.88-ஆல் வகுத்து 11.4-ஆக வைக்க வேண்டும். மூடி உள்ள பாத்திரத்தில் இந்த 2 மில்லிமீட்டர் தலைவிதியையே மாற்றும்.

சூளைக்குள் நடப்பது தெரிந்தால் பாதி பயம் போய்விடும். காய்ந்தது போலத் தெரியும் மண்ணிலும் தண்ணீர் இருக்கிறது. 100 டிகிரியை வேகமாகத் தாண்டினால் அது நீராவியாகி பாத்திரத்தையே வெடிக்க வைக்கும். சந்தேகம் இருந்தால் இரவு முழுக்க 80, 90 டிகிரியில் வைத்துவிட்டுக் காலையில் மேலே போகலாம். ஏறக்குறைய 450-இலிருந்து 600 டிகிரிக்குள் மண்ணின் அமைப்பிலேயே பிணைந்திருக்கும் நீர் வெளியேறுகிறது. அதற்குப் பிறகு அதைக் கரைத்துத் திரும்ப மண்ணாக்க முடியாது. 573 டிகிரியில் மண்ணில் உள்ள குவார்ட்ஸ் தன் படிக அமைப்பைச் சட்டென்று மாற்றும். ஏறும்போதும் இறங்கும்போதும் பெரிய தட்டுகளில் விரிசல் விழுவது பெரும்பாலும் இங்கேதான். கிளேஸ் பூசுவதற்கு முன் சுடும் முதல் சூட்டுக்கு பிஸ்க் என்று பெயர், அது சுமார் 1,000 டிகிரி. கிளேஸ் பூசிய பிறகு ஸ்டோன்வேருக்கு 1,220-இலிருந்து 1,300 வரை.

வெப்பமானி காட்டும் எண் மட்டும் போதாது. அந்த வெப்பத்தில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதும் சேர்ந்துதான் கிளேஸை உருக்குகிறது. அதனால்தான் இன்றும் கோன் வைக்கிறோம். கிளேஸ் பொருள்களாலேயே செய்த சிறிய கூம்பு, தன் அளவு வெப்பம் சேர்ந்ததும் தலை சாயும். ஜெர்மனியில் ஹெர்மன் செகர் 1886-இல் இதைக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் எட்வர்ட் ஆர்ட்டன் 1896-இல் தன் எண்ணிட்ட கோன் வரிசையைத் தொடங்கினார். கோன் 6 என்றால் மெதுவாக ஏறினால் சுமார் 1,222 டிகிரி, வேகமாக ஏறினால் அதற்கு இருபது டிகிரி மேலே. இந்த வித்தியாசத்தை அறிந்தவர் கிளேஸ் ஏன் ஒரு சூட்டில் பளபளத்து இன்னொரு சூட்டில் மங்கியது என்று தவிக்க வேண்டியதில்லை.

கிளேஸ் பகுதியில்தான் வயது கூடியவர்கள் மற்றவர்களைத் தாண்டிப் போவதைப் பார்த்தேன். இங்கே கை லாவகம் கம்மியாகத்தான் தேவை, பொறுமையும் குறிப்பேடும் வேண்டும். கிளேஸ் என்பது மண்ணின் மேல் உருகிப் படியும் கண்ணாடி. சிலிக்கா அந்தக் கண்ணாடியை உண்டாக்குகிறது, ஆனால் தனியாக உருக 1,700 டிகிரி கேட்கும். அதை நம் சூளைக்கு இறக்க ஃபெல்ட்ஸ்பார், சுண்ணாம்பு போன்ற உருக்கிகள். உருகியது வழிந்து ஓடாமல் பிடித்து நிறுத்த அலுமினா, அது கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணிலிருந்து வரும். இந்த மூன்றின் விகிதத்தை மாற்றினால் பளபளப்பு, மங்கல், வழிதல் எல்லாம் மாறும். நிறத்துக்கு உலோக ஆக்சைடுகள். கோபால்ட் அரை சதவீதமே நல்ல நீலம் தரும். இரும்பு 1, 2 சதவீதம் இருந்து சூளையில் காற்றைக் குறைத்துச் சுட்டால் செலடான் எனும் இளம்பச்சை. அதே இரும்பு 8, 10 சதவீதமானால் டெம்மோக்கு எனும் கறுப்பும் பழுப்புமான கிளேஸ். செம்பு காற்றோட்டமான சூளையில் பச்சை, காற்றைக் குறைத்தால் சிவப்பு.

இதையெல்லாம் படித்து மனப்பாடம் செய்வதைவிட ஒரு வரிசைக் கலவை செய்து பாருங்கள். இரண்டு கிளேஸ்களை ஒரே அடர்த்தியில் கரைத்து, 100-க்கு 0, 90-க்கு 10, 80-க்கு 20 என்று 0-க்கு 100 வரை 11 துண்டுகளில் பூசிச் சுடுங்கள். சோதனைத் துண்டுகள் படுத்திருக்கக் கூடாது, நிற்க வேண்டும். வழிவது அப்போதுதான் தெரியும். அடியில் ஒரு பழைய தட்டு வையுங்கள், சூளைப் பலகை தப்பிக்கும். ஒவ்வொரு துண்டின் பின்னாலும் இரும்பு ஆக்சைடைக் கரைத்து எண் எழுதுங்கள், சூட்டில் அது அழியாது. பென்சில் அழிந்துவிடும். அந்த எண்ணுக்கு நேரே குறிப்பேட்டில் மண், கலவை, தடிமன், கோன், சூளையில் எந்த அடுக்கு என்பதை எழுதுங்கள். என் பெட்டியில் இருக்கும் துண்டுகள்தான் நான் படித்ததற்கு உண்மையான சான்றிதழ் என்று நினைக்கிறேன்.

தூசியைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் தகும். களிமண்ணிலும் கிளேஸ் பொடியிலும் இருக்கும் நுண்ணிய சிலிக்கா நுரையீரலில் தங்கினால் சிலிகோசிஸ் வரும், அது திரும்பாத நோய். பட்டறையில் துடைப்பம் பிடிக்காதீர்கள், ஈரத் துணியாலும் ஈர மாப்பாலும் துடையுங்கள். காய்ந்த பாத்திரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதைவிட ஈர ஸ்பாஞ்சு நல்லது. பொடி அளக்கும்போது துணி முகமூடி போதாது, தூசிக்கென்றே உள்ள சுவாசக் கவசம் வேண்டும். ஏப்ரனை வீட்டுத் துணிகளோடு உதறாதீர்கள். பேரியம் கார்பனேட், மாங்கனீஸ் போன்ற நச்சுப் பொருள்களைப் பாதுகாப்புக் குறிப்பைப் படிக்காமல் தொடாதீர்கள். சூளை எரியும் அறையில் உட்கார்ந்து வேலை செய்யாதீர்கள்.

வகுப்பில் என்னை எல்லோரும் அக்கா என்றார்கள். முதலில் கொஞ்சம் தள்ளி நின்றார்கள், பிறகு சூளைக் கட்டுப்பாட்டுப் பெட்டியை எப்படி நிரல் செய்வது என்று ஒரு பையன் எனக்குக் கற்றுக்கொடுத்தான், அவனுடைய பெரிய சுவர்ச் சிற்பத்துக்குக் காகித வெட்டு நான் போட்டுக்கொடுத்தேன். அதற்குப் பிறகு வயது யாருக்கும் ஞாபகமில்லை. விமர்சன அமர்வுதான் எனக்குக் கடினம். செய்ததை மேசையில் வைத்துவிட்டுச் சும்மா நிற்க வேண்டும், மற்றவர்கள் பேசுவார்கள். வேலை செய்து பழகிய நமக்கு உடனே விளக்கம் கொடுக்கத் தோன்றும். கொடுக்காதீர்கள். அவர்கள் பார்த்ததை வார்த்தைக்கு வார்த்தை எழுதிக்கொண்டு, ஒரு வாரம் கழித்துப் படியுங்கள். நான் சட்டைக்கை என்று நினைத்துச் செய்த உருவத்தை ஒரு பெண் "யாரோ திரும்பிக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கு அக்கா" என்றாள். அந்த ஒரு வரியிலிருந்து அடுத்த வருடத்து வேலை முழுக்க வந்தது. ஆள் இல்லாத ஆடைகள், முதுகு காட்டி நிற்பவை, உள்ளே வெறும் இருட்டு.

படிப்பின் பகுதியாக வரும் கட்டுரை எழுதுவதற்குப் பலர் அஞ்சுகிறார்கள். அருங்காட்சியகத்தில் ஒரே ஒரு பாத்திரத்தின் முன் நின்று, அடி முதல் விளிம்புவரை பார்த்ததை எழுதத் தொடங்கினால் வழி பிறக்கும். கண்தான் முந்துகிறதே, அதற்கு இங்கே முழு வேலை இருக்கிறது.

சேரும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வளாகத்தையும் கண்காட்சிக் கூடத்தையும் பார்த்து மயங்காமல் சிலவற்றை நேராகக் கேளுங்கள். வாரத்துக்கு எத்தனை முறை சூளை எரிகிறது? மாணவர்களே அடுக்கிச் சுட விடுவார்களா? கிளேஸ் மூலப்பொருளிலிருந்து கலக்கக் கற்றுத்தருகிறார்களா, தயாராக வாளியில் இருப்பதை முக்கி எடுப்பதோடு சரியா? வகுப்பு இல்லாத நேரத்தில் பட்டறை திறந்திருக்குமா? காயும் வேலையை வைக்க ஒவ்வொருவருக்கும் அலமாரி உண்டா? கையால் கட்டும் முறைகளுக்குச் சக்கரத்துக்கு இணையான இடம் இருக்கிறதா? சேர்க்கைக்கு, இதுவரை செய்த வேலைகளின் தொகுப்பு ஒன்றைக் கேட்பார்கள். பள்ளி ஓவியங்கள் எதுவும் இல்லையே என்று கலங்க வேண்டாம். நான் பேட்டர்ன் காகிதங்களையும், வெள்ளைத் துணியில் தைத்துப் பார்த்த மாதிரிகளையும், மாலை வகுப்பில் வெட்டிய உருளைகளின் படங்களையும் வைத்தேன். முடிந்த பொருளைவிட ஒருவர் எப்படி யோசிக்கிறார் என்பதைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

கடைசியாக, படிப்பு முடிந்த மறுநாளைப் பற்றி முதல் வருடத்திலேயே யோசியுங்கள். கல்லூரியை விட்டு வெளியே வந்ததும் சக்கரம் இல்லாமல் வேலை செய்யலாம், சூளை இல்லாமல் முடியாது. பலர் அங்கேதான் நின்றுவிடுகிறார்கள். பக்கத்தில் யார் கட்டணம் வாங்கிச் சுட்டுத்தருகிறார்கள் என்று படிக்கும்போதே விசாரித்து வையுங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு மின்சூளை வாங்குவது நல்ல வழி, நாங்கள் அப்படித்தான் செய்தோம். வாங்குவதற்கு முன் மின் இணைப்பு அந்தச் சுமையைத் தாங்குமா என்று எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து காட்டுங்கள். சுவரிலிருந்து தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளியை விடுங்கள், புகை வெளியேற வழி வையுங்கள். புதுச் சூளையின் முதல் சில சூடுகளில் மேல் அடுக்கு, நடு அடுக்கு, கீழ் அடுக்கு மூன்றிலும் கோன் வைத்துப் பாருங்கள். ஒரே சூளையில் மேலும் கீழும் ஒரு கோன் வித்தியாசம் இருப்பது சாதாரணம். எங்கள் சூளையில் கீழ் அடுக்கு எப்போதும் கொஞ்சம் குளிர்ச்சி. அதனால் சீக்கிரம் உருகும் கிளேஸ் பூசியவற்றைக் கீழேயும், அதிக வெப்பம் கேட்பவற்றை மேலேயும் அடுக்குகிறோம். மூடியைத் திறக்க 100 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை பொறுத்திருக்கிறோம்.